சிவப்புப் பேனையில் ஒரு கோட்டை

சார்ஜன்ட் அந்தத் தாளை மேசையில் விரித்தார். சில நாட்கள் சுருட்டி வைத்திருந்த தாள். விரிக்க விரிக்கச் சுருண்டது. ஒரு முனையில் தேநீர்க் கோப்பையையும் மறு முனையில் தன் தொப்பியையும் பாரமாக வைத்தார். பிறகு தாளின் நடுவில் விரலை ஊன்றி, என்னைப் பார்த்துச் சிங்களத்தில் எதையோ கேட்டார்.

எனக்கு விளங்கியது ஒரு சொல்தான். "கோட்டை." அதை மட்டும் அவர் தமிழில் சொன்னார்.

என்னுடைய சிங்களம் அந்நாட்களில் கடைச் சிங்களம். பாண் இருக்கிறதா, என்ன விலை, இந்த பஸ் பம்பலப்பிட்டியில் நிற்குமா என்ற அளவில் முடிந்துவிடும். பொலிஸ் நிலையத்தில் ஒரு பொலிஸ்காரரிடம் பாண் கேட்க முடியாது.

அவர் விரல் வைத்திருந்த கோட்டைப் படம் நான் கீறியது. அதற்குப் பக்கத்தில் துறைமுகம். கொஞ்சம் தள்ளி ஒரு மணிக்கூட்டுக் கோபுரம். ஆற்றுக்கு மேலே பாலம். பாலத்திலிருந்து கோட்டை வரை சிவப்புப் பேனையால் அம்புக்குறிகள். முந்தின நாள் வரை அந்த அம்புக்குறிகளைப் பற்றி எனக்கு மிகுந்த பெருமை இருந்தது.

உள்ளே ஏதோ ஓர் அறையில் என் அண்ணா ரகு இருந்தார். அந்தத் தாளுக்காகத்தான் அவரைக் கொண்டுவந்திருந்தார்கள். உட்கார்ந்திருந்த வாங்கில் எனக்கு ஒரு பக்கம் அம்மா, மறு பக்கம் என் சிநேகிதி ஜெயந்தி. அம்மா அடையாள அட்டைகளையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மடியில் வைத்திருந்தா. ஜெயந்தியின் மடியில் அட்டை கிழிந்த ஓர் ஆங்கில நாவல்.

நாவல் வாசித்து வீட்டில் திட்டு வாங்கியவர்கள் இந்தத் தொடரின் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அதற்காகப் பொலிஸ் நிலையம் வரை போனவர்கள் குறைவாக இருக்கலாம். ஆகவே ஒழுங்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

காத்திருப்பவர்களின் ஊர்

கொழும்பு வெள்ளவத்தையில், ஒரு வீட்டின் பக்கத்தோடு ஒட்டி நாங்கள் வாடகைக்கு இருந்த அனெக்ஸைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். அம்மா, அண்ணா, நான். அப்பா யாழ்ப்பாணத்தில். படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தை விட்டு உடனே வர முடியாது என்றார். வரலாம் என்று அவர் நினைத்தபோது யுத்தத்தில் பாதை மூடிவிட்டது. அண்ணாவை எப்படியாவது வெளிநாட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதற்காகத்தான் நாங்கள் கொழும்பில் இருந்தோம். வெள்ளவத்தையில் அப்போது பாதிப் பேருக்கு அதுதான் வேலை: யாரையாவது எங்கேயாவது அனுப்புவதற்குக் காத்திருப்பது.

காத்திருக்கும்போது பெரியவர்கள் கோயிலுக்குப் போனார்கள். அண்ணா நேரத்தை வீணாக்காமல் கட்டிட வரைபடம் கீறும் ஒரு வகுப்புக்குப் போனார். நான் வாசித்தேன்.

பதினாறு வயது. சின்னப் பிள்ளைகளின் புத்தகம் வாசிக்க வெட்கம், பெரியவர்களின் புத்தகம் வாசித்தால் அம்மா பறித்துவிடுவா. நடுவில் இருந்தது இளவட்டங்களுக்கான நாவல்கள். அவற்றில் பெற்றோர் வசதியாக முதல் அத்தியாயத்திலேயே இறந்துவிடுவார்கள், அல்லது தூர தேசம் போய்விடுவார்கள். பிறகு பிள்ளைகள் தாங்களாகவே மலையேறிப் புதையல் எடுத்து நாட்டையும் காப்பாற்றுவார்கள். முச்சந்திக் கடைக்குத் தனியாகப் போகவும் அனுமதியில்லாத எனக்கு இது மிகவும் பொருத்தமான இலக்கியமாகப் பட்டது.

ரோஸ் அன்ரியின் முன்கூடம்

காலி வீதியிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் ஓர் ஒழுங்கையில் ரோஸ் அன்ரியின் வீடு இருந்தது. அதன் முன்கூடம் முழுக்கக் கண்ணாடி அலுமாரிகள். புத்தகங்களை இரவல் கொடுக்கும் லைபிரரி. கடற்கரை ரயில் போகும்போது எல்லா அலுமாரிகளும் கிலுகிலுக்கும். உப்புக் காற்றில் ஊறிய பக்கங்கள் அப்பளத்தை வெளியே வைத்தது மாதிரி நமுத்துப் போயிருக்கும்.

இளவட்ட நாவல்களில் அந்த லைபிரரியை மிஞ்ச ஆளில்லை. காரணம் சந்தோஷமானதல்ல. குடும்பங்கள் கனடாவுக்கும் லண்டனுக்கும் போகும்போது பெட்டியில் புத்தகத்துக்கு இடமிருக்காது. பிள்ளைகள் அழுதுகொண்டு கொண்டுவந்து ரோஸ் அன்ரியிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். முதல் பக்கத்தில் அவர்களுடைய பெயர் இருக்கும். ஒரு பிள்ளை, இந்தப் புத்தகத்தின் மூலையை மடிப்பவர்களுக்கு மூக்கில் பரு வரட்டும் என்று எழுதியிருந்தாள். நான் மடித்தேன். வந்தது.

ரோஸ் அன்ரி கல்யாணம் செய்யாதவர். நல்ல பருமன். கண்ணில் வெண்படலம் விழுந்து, எழுத்து வாசிக்க முடியாமல் போயிருந்தது. களுபோவில ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்யலாம் என்று டொக்டர் சொல்லியும், இந்த மாதம் வேண்டாம், அடுத்த மாதம் பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டே இருந்தார். இவ்வளவு கதைகளுக்கு நடுவில் இருந்துகொண்டு ஒன்றையும் வாசிக்க முடியாத நிலை எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த டிசம்பர் விடுமுறைக்கு அவர் ஒரு போட்டி அறிவித்தார். விடுமுறைக்குள் யார் அதிகமான நாவல்களை வாசிக்கிறார்களோ, அவர்களுக்கு அடுத்ததாக வரும் புத்தகப் பெட்டியை முதலில் திறக்கும் உரிமை. ஒரேயொரு நிபந்தனை. வாசித்தேன் என்று சொன்னால் போதாது. மேசைக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்து, கதை முழுவதையும் அவருக்குச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அலுமாரியின் பக்கப் பலகையில் உங்கள் பெயருக்குக் கீழே சோக்கினால் ஒரு கோடு.

பிள்ளைகள் ஏமாற்றக்கூடாது என்பதற்காக அந்த நிபந்தனை என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். அவர் கதை கேட்பதற்காகவே போட்டி வைத்தார் என்பது எங்களுக்கு உறைக்க நெடுநாள் எடுத்தது.

ஜெயந்தி

போட்டியில் ஒரு கிழமைக்குள் மற்றவர்கள் எல்லோரும் கழன்றுவிட்டார்கள். மிஞ்சியது நானும் ஜெயந்தியும்.

ஜெயந்தி கொட்டாஞ்சேனைக்காரி. அவளுடைய தாத்தா காலத்தில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்த குடும்பம். அப்பா புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை. எங்கள் இருவருக்கும் ஒரே பாடசாலை, வெள்ளவத்தையில் ஒரே ரியூசன். நான் "ஓம்" என்றால் அவள் "ஆமா" என்பாள். நான் "கதைக்காதை" என்றால் அவள் "பேசாத" என்பாள். வகுப்பில் ரீச்சர் எங்களை ஒன்றாக உட்கார வைத்ததற்கு, இரண்டு பேரும் ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காமல் அமைதியாக இருப்போம் என்று நினைத்ததுதான் காரணமாக இருக்க வேண்டும். அந்த எண்ணம் பலிக்கவில்லை.

அவள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் சிங்களக் குடும்பங்கள். ஆகவே சிங்களத்தில் சண்டை பிடிக்கவும் பகிடி விடவும் அவளுக்குத் தெரியும். பெயரும் அவளுக்கு வசதியான பெயர். சிங்களவர்களிடமும் உள்ள பெயர் என்பதால், ஜெயந்தி என்றால் யாரும் புருவத்தைத் தூக்க மாட்டார்கள். என் பெயர் சிவவதனி. செக்பொயின்றில் நிற்கும் எந்தப் பொலிஸ்காரரும் அதை ஒரே தடவையில் எழுதி முடித்ததில்லை.

வாசிப்பில் எங்களுக்கு ஒத்துப்போகவே போகாது. அவளுக்குக் காதல் கதை வேண்டும். விடுதிப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பெண், பக்கத்து ஆண்கள் பள்ளிக்கூடத்துப் பையன், நடனவிருந்து, தவறாகப் புரிந்துகொள்ளல், கடைசியில் மழை. நான் அவற்றைக் கையால் தொட மாட்டேன். எனக்கு வாள் வேண்டும், குதிரை வேண்டும், உலகத்தில் இல்லாத நாடு ஒன்றின் வரைபடம் புத்தகத்தின் முன்பக்கத்தில் வேண்டும். கதாநாயகன் யாரையாவது கனிவாகப் பார்க்கத் தொடங்கினால் நான் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவேன்.

சிக்கல் என்னவென்றால் அவளுடைய புத்தகங்கள் மெல்லியவை. ரியூசனுக்கு வரும் பஸ்ஸிலேயே ஒன்றை முடித்துவிடுவாள். என்னுடையவை தலையணை அளவு. அவளுடைய கோடுகள் ஏற ஏற, தடித்த புத்தகத்துக்கு இரண்டு கோடு போட வேண்டும் என்று நான் வழக்காடினேன். தடிப்பை அளந்து கோடு போடுவதென்றால் தொலைபேசி விபரக்கொத்தை வாசித்துவிட்டு வா, நான்கு போடுகிறேன் என்று ரோஸ் அன்ரி சொல்லிவிட்டார்.

தாள்

அந்த நிலையில்தான் அட்டை கிழிந்த அந்த நாவல் என் கைக்கு வந்தது. பெயர் இருந்த பக்கமும் போயிருந்தது. வரைபடம் மட்டும் தப்பியிருந்தது.

ஒரு தீவு. அங்கே கொடுங்கோல் அரசன். மலையிலிருந்து இறங்கி வரும் நான்கு இளைஞர்கள் ஆற்றுப் பாலத்தைக் கைப்பற்றி, துறைமுகத்தைச் சுற்றி வந்து, மணிக்கூட்டுக் கோபுரத்தில் ஏறி மணியடிக்கிறார்கள். மணிச் சத்தம் கேட்டதும் சனங்கள் எழும்பிக் கோட்டைக்குள் புகுந்து அரசனைத் துரத்துகிறார்கள். இரண்டு தரம் வாசித்தேன். கோட்டை பிடிக்கும் அத்தியாயத்தை அதற்கு மேலும் வாசித்தேன்.

கதையை ரோஸ் அன்ரிக்குச் சொல்ல வேண்டுமே. வரைபடம் இல்லாமல் அந்தக் கதை விளங்காது. புத்தகத்திலிருந்த படமோ உள்ளங்கை அளவு. அவருடைய கண்ணுக்கு எட்டாது. எனவே அண்ணாவிடம் கெஞ்சி அவருடைய வரைதல் தாள் ஒன்றை வாங்கி, முழுத் தாளிலும் பெரிதாகக் கீறினேன். இடங்களின் பெயர்களைத் தமிழில் எழுதினேன். கோட்டை. துறைமுகம். மணிக்கூட்டுக் கோபுரம். பாலம். இளைஞர்கள் போகும் வழிக்குச் சிவப்பு அம்பு. அவர்கள் ஒளிந்திருக்கும் இடத்துக்குப் பெருக்கல் குறி மாதிரிச் சிவப்புப் புள்ளடி.

ரோஸ் அன்ரி தாளை மூக்குக்கு அருகில் பிடித்துப் பார்த்து, கதை முழுவதையும் கேட்டு, ஒரே ஒரு கோடு போட்டார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். தாளை எறிய மனமில்லாமல், அண்ணா தன் வரைபடங்களைப் போட்டு வைக்கும் நீளக் குழாய்க்குள் சுருட்டி வைத்தேன்.

கொழும்பின் நடுவில் கோட்டை என்றே ஓர் இடம் இருப்பதும், அதற்குப் பக்கத்தில் துறைமுகமும் மணிக்கூட்டுக் கோபுரமும் இருப்பதும் எனக்குத் தெரியாததல்ல. தினமும் பஸ்ஸின் நெற்றியில் அந்தப் பெயரைப் பார்ப்பவள்தான். ஆனால் நான் அப்போது இருந்தது வேறொரு தீவில்.

ஒரு காலை

சில நாட்கள் கழித்து ஒரு காலையில் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்துத் தேடினார்கள். அது எங்களுக்குப் புதிதல்ல. வடக்கிலிருந்து வந்தவர்கள் பொலிஸில் பதிந்து வைத்திருக்க வேண்டிய துண்டை அம்மா எடுத்து நீட்டினா. கட்டிலைத் தூக்கினார்கள், அரிசி வாளிக்குள் கையை விட்டார்கள், என் மெத்தைக்குக் கீழிருந்த நாவல்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்தார்கள். கடைசியில் அண்ணாவின் குழாயைத் திறந்தார்கள்.

தமிழ் எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள் அவர்களில் இருந்தார். அவர் எழுத்தெழுத்தாக வாசிக்க வாசிக்க மற்றவர்களின் முகம் மாறியதைப் பார்த்தேன். கொழும்புக் கோட்டையைத் தாக்கும் திட்டமாக அது அவர்களுக்குப் பட்டிருந்தது. அண்ணா ஆங்கிலத்தில், இது தங்கச்சி கதைப் புத்தகம் பார்த்துக் கீறியது என்றார். எல்லோரும் ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள்தானே. அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சேர்ட் பொத்தான் போடவும் நேரம் கொடுக்கவில்லை.

அம்மா அழவில்லை. என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டா.

"அந்தப் புத்தகம் இப்ப எங்க?"

ரோஸ் அன்ரியின் வீட்டுக்கு ஓடினேன். நல்லவேளை, புத்தகம் அலுமாரியில் இருந்தது. ஜெயந்தியும் அங்கேதான் இருந்தாள், கோடு வாங்க வந்தவள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னதைக் கேட்டதும் தன் பையைத் தோளில் மாட்டினாள். பொலிஸ் நிலையத்துக்குப் போனால் உன்னையும் பதிவார்கள், வீட்டில் ஏசுவார்கள் என்று ரோஸ் அன்ரி அவளைத் தடுத்துப் பார்த்தார்.

"இவளுக்கு சிங்களம் வராது அன்ரி. இவ போய் வாயத் திறந்தா அண்ணன உள்ளேயே வச்சிருவாங்க" என்றாள் ஜெயந்தி.

கதை சொல்

இன்ஸ்பெக்டர் வெளியே போயிருந்தார். அவர் வரும்வரை பொறுப்பு இந்தச் சார்ஜன்ட். நரைத்த மீசை, தளர்ந்த வயிறு, சிவந்த கண்கள். இரவு முழுக்க நித்திரையில்லை என்பது தெரிந்தது.

ஜெயந்தி புத்தகத்தைத் திறந்து அச்சடித்த படத்தைக் காட்டினாள். அவர் அதையும் என் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒத்துப்போகிறது, ஆனால் புத்தகத்தில் ஆங்கிலப் பெயர்கள், தாளில் தமிழ்ப் பெயர்கள். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. யோசித்துவிட்டு ஒன்று கேட்டார். உண்மையிலேயே இது கதைப் புத்தகம் என்றால், கீறிய பிள்ளைக்குக் கதை தெரிந்திருக்க வேண்டும். சொல்லட்டும்.

ஜெயந்தி அதை எனக்குத் தமிழில் சொன்னபோது, உங்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கலாம், எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அந்த மாதம் முழுவதும் நான் வேறென்ன செய்தேன்? கதிரையை இழுத்துப் போட்டுக் கதை சொல்வதுதானே. நான் தமிழில் சொல்ல, அவள் சிங்களத்தில் சொல்வதென்று ஏற்பாடு.

தொடங்கினேன். தீவு, கொடுங்கோல் அரசன், மலையில் நான்கு இளைஞர்கள். ஜெயந்தி சொன்னாள். சார்ஜன்ட் தலையாட்டினார். இளைஞர்கள் சத்தியம் செய்கிறார்கள், வாள்களைத் தீட்டுகிறார்கள். ஜெயந்தி சொன்னாள். சார்ஜன்ட் புன்னகைத்தார்.

வாள் தீட்டுவதில் புன்னகைக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

பாலத்தை எப்படிப் பிடித்தார்கள் என்பதைச் சொல்லும்போது வழக்கம்போல வேகம் பிடித்துவிட்டேன். பாலம் என்ற சொல் சிங்களத்திலும் கிட்டத்தட்ட அதேதான். யுத்தமும் அப்படித்தான். "பெரிய யுத்தம் நடந்தது" என்று நான் சொன்னதும் சார்ஜன்ட் நிமிர்ந்தார். "யுத்த?" என்றார்.

ஜெயந்தி மேசைக்குக் கீழே என் பாதத்தை மிதித்தாள். சிரித்துக்கொண்டே அவரிடம் ஏதோ சொன்னாள். அதில் "நேந்தம்மா" என்ற சொல் எனக்குக் கேட்டது. பக்கத்து வீட்டுச் சிங்கள மனுசி தன் மாமியாரைத் திட்டும்போது கேட்டுப் பழகிய சொல். சார்ஜன்ட் வயிறு குலுங்கச் சிரித்தார். சுவரோரம் நின்ற வேறொரு கான்ஸ்டபிளும் சிரித்தார்.

என் கதையில் மாமியார் கிடையாது.

அதன் பிறகு காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். குமாரி என்றாள். என் கதையில் இளவரசியும் கிடையாது. மகுல என்றாள். மகுல என்றால் கல்யாணம். அது எனக்கு நன்றாகத் தெரியும். நான் கோட்டை முற்றுகையைச் சொல்லிக்கொண்டிருக்க, அவள் கையால் மாலை போடுவது மாதிரிக் காட்டினாள். என் சிவப்பு அம்புக்குறிகளின் மேல் விரலை மெதுவாக ஓட்டிக்கொண்டு போய் மணிக்கூட்டுக் கோபுரத்தில் நிறுத்தினாள். சார்ஜன்ட் ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். அவர் திருப்தியோடு தலையாட்டினார்.

அந்த நேரத்திலும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு நல்ல கதையை இப்படிக் கெடுக்கிறாளே என்று. அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அந்தப் பிடி இறுகிக்கொண்டே போனது. அதை உணர்ந்த பிறகுதான் நான் எதைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு விளங்கியது. இளைஞர்கள். பாலம். கோட்டை. அரசனைத் துரத்துதல். ஒரு பொலிஸ் நிலையத்தில், அண்ணா உள்ளே இருக்கும்போது.

என் குரல் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. ஒருவேளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியிருந்தாலும் ஜெயந்தி அதைக் கல்யாணமாகவே மொழிபெயர்த்திருப்பாள்.

தானாகத் திறந்த பக்கம்

கதை முடியும் நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். எல்லோரும் எழுந்து நின்றோம். சார்ஜன்ட் தாளைக் காட்டி, அம்புக்குறிகளைக் காட்டி, அவருக்கு விளக்கினார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. புத்தகத்தை எடுத்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வரும். ஜெயந்தியின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகப் பயத்தைக் கண்டேன்.

அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வாள்தான். கோட்டைதான். குமாரியைத் தேடினாலும் கிடைக்க மாட்டாள்.

அவர் புத்தகத்தை உள்ளங்கையில் வைத்து விரலை எடுத்தார். அது தானாகவே ஒரு பக்கத்தில் விரிந்து நின்றது. அவர் வாசித்தார். புருவம் உயர்ந்தது. பக்கத்தைத் திருப்பி அடுத்ததையும் வாசித்தார்.

இரவல் புத்தகங்களைக் கையாண்டவர்களுக்கு இது தெரியும். பலரும் திரும்பத் திரும்ப வாசித்த இடத்தில் புத்தகத்தின் முதுகு இளகியிருக்கும். விட்டால் அங்கேதான் விரியும். அந்த நாவலில் நான்கு இளைஞர்களில் ஒருவனும் படகோட்டியின் மகளும் ஆற்றங்கரையில் நின்று பேசும் ஓர் இடம் இருந்தது. அவளுடைய கூந்தல், நிலவு, அது இது என்று ஒன்றரைப் பக்கம். நான் இரண்டு தடவையும் தாண்டிப் போன இடம். கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்விட்ட எத்தனையோ பெண்பிள்ளைகள், போவதற்கு முன் அந்தப் பக்கத்தை வாசித்து வாசித்து இளக்கி வைத்திருந்திருக்கிறார்கள்.

இன்ஸ்பெக்டர் புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். ஆங்கிலத்தில், மெதுவாக, ஒரு தகப்பனைப் போலப் பேசினார். படிக்கிற வயதில் இப்படியான காதல் கதைகளை வாசித்து மனதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதாம். தன் மகளும் இதே மாதிரித்தானாம். அம்மாவைக் காட்டி, இவவுடைய முகத்தைப் பார்த்துத் திருந்து என்றார்.

வாழ்க்கையில் ஒரு காதல் கதையும் வாசிக்காத நான் தலையைக் குனிந்துகொண்டு, "யெஸ் சேர்" என்றேன்.

அன்று பிற்பகல் அண்ணாவை விட்டார்கள். அடிக்கவில்லை என்றார். சாப்பிட்டாரா என்று அம்மா கேட்டதற்கு ஓம் என்றார். இரண்டையும் அம்மா நம்பவில்லை, நானும் நம்பவில்லை. ஆனால் எங்களோடு நடந்து வந்தார். சேர்ட் பொத்தான்களை அம்மாதான் தெருவில் நிறுத்திப் பூட்டிவிட்டா. இருபது வயது ஆம்பிளை, வெட்கப்படாமல் நின்றுகொண்டிருந்தார். தாளை அவர்கள் திருப்பித் தரவில்லை. நாங்கள் கேட்கவுமில்லை.

கொஞ்சத் தூரம் போன பிறகு அம்மா ஜெயந்தியின் தலையைத் தடவினா. என்னிடம் திரும்பினா.

"நீ வாசி, பிள்ளை. நான் மறிக்கேல்லை. ஆனா இனிமேல் ஒண்டும் கீறாதை."

யாருக்குக் கோடு

நடந்ததை எல்லாம் கேட்ட ரோஸ் அன்ரி முதலில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு ஜெயந்தியை மேசைக்கு முன்னால் உட்காரவைத்து, அவள் பொலிஸ்காரருக்குச் சொன்ன கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அப்போதுதான் நானும் அதை முழுதாகக் கேட்டேன்.

தீவின் குமாரிக்குக் கடல் கடந்த நாட்டு இளவரசனோடு கல்யாணம் பேசியிருக்கிறது. மாப்பிள்ளை கப்பலில் துறைமுகத்தில் வந்து இறங்குகிறான். மாமியாருக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லை, அதனால்தான் யுத்தம். சிவப்பு அம்பு, பெண் வீட்டு ஊர்வலம் பாலத்தைக் கடந்து வரும் வழி. புள்ளடி, ஊர்வலம் இளைப்பாறும் மடம். மணிக்கூட்டுக் கோபுரத்தில் மணியடிப்பது சுபநேரம் பார்க்க. சார்ஜன்ட் அந்த இடத்தில்தான் கேள்வி கேட்டாராம்: சுபநேரம் காலையிலா மாலையிலா என்று. காலையில் என்றாளாம். அதுதான் நல்லது என்று அவர் ஒத்துக்கொண்டாராம்.

ரோஸ் அன்ரி எழுந்து போய் ஜெயந்தியின் பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டார். நான் சும்மா இருக்கவில்லை. அது அவள் வாசித்த புத்தகமே இல்லை, அப்படி ஒரு புத்தகம் உலகத்திலேயே இல்லை என்று சட்டம் பேசினேன்.

"புத்தகத்தில உள்ளதை உள்ளபடி சொன்னது நீ. அதுக்கு நான் கோடு போட்டாச்சு" என்றார் ரோஸ் அன்ரி. "இல்லாததைச் சொல்லி உன்ர கொண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தவள் அவள். இதுக்குக் கோடு போடாமல் வேறெதுக்குப் போடுறது?"

போட்டியில் ஜெயந்திதான் வென்றாள். அந்தக் கோடு இல்லாவிட்டாலும் வென்றிருப்பாள். அதை நான் இவ்வளவு காலத்துக்குப் பிறகும் விருப்பமில்லாமல்தான் எழுதுகிறேன். புதுப் பெட்டியைத் திறந்து முதலில் அவள் எடுத்தது, அட்டையில் குதிரை போட்ட ஒரு தடித்த புத்தகம். அதை என் மடியில் போட்டுவிட்டு, தனக்கு மெல்லியதொன்றைத் தேடிக்கொண்டாள்.

குமாரியின் செய்தி

கதை இத்தோடு முடியவில்லை. அடுத்த மாதம் அந்தச் சார்ஜன்டைக் காலி வீதியில், நாங்கள் ரியூசனுக்குப் போகும் வழியிலிருந்த செக்பொயின்றில் போட்டார்கள். எங்களைக் கண்டதும் அடையாளம் கண்டுகொண்டார். பையைத் திறக்கச் சொல்லவில்லை. ஜெயந்தியைப் பார்த்து, "நங்கி, குமாரி எப்படி இருக்கிறாள்?" என்று சிங்களத்தில் கேட்டார். நங்கி என்றால் தங்கச்சி.

ஜெயந்தி ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. குமாரிக்கு மாமியார் வீட்டுச் சாப்பாடு பிடிக்கவில்லையாம், இளைத்துப் போய்விட்டாளாம் என்றாள். அவர் கவலைப்பட்டார்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. போகும்போது ஒரு துண்டு, வரும்போது ஒரு துண்டு. மாமியார் நோயில் விழுந்தாள். குமாரி பக்கத்திலிருந்து பார்த்தாள். மாமியார் மனம் மாறினாள். இளவரசன் கப்பலில் தூர தேசம் போனான். போனவனிடமிருந்து தகவல் இல்லை. அந்த இடத்தில் சார்ஜன்ட் இரண்டு மூன்று நாட்கள் விடாமல் கேட்டார், தகவல் வந்ததா என்று. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எங்களை ஏதோ பெரிய இடத்துப் பிள்ளைகள் என்று நினைத்தார்கள்.

இதற்கிடையில் அண்ணா ஒருவழியாகப் பயணமானார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று தொலைபேசியில் தகவல் வரும்வரை அம்மா சோறு தொடவில்லை.

ஒரு சனிக்கிழமை. ஜெயந்தியின் வீட்டில் ஏதோ விசேஷம். ரியூசன் முடிந்து அவளோடு கொட்டாஞ்சேனைக்குப் போக அம்மா அனுமதி கொடுத்திருந்தா. செக்பொயின்றில் புதிதாக ஒருவர் நின்றார். இளையவர். எங்கள் இரண்டு பைகளையும் கவிழ்த்துக் கொட்டினார். நாவல்களை ஒவ்வொன்றாக எடுத்து உதறிப் பார்த்தார். ஜெயந்தி பொறுமையாக நின்று, பழைய சார்ஜன்ட் எங்கே என்று கேட்டாள். அவர் எங்களை நிமிர்ந்து பார்க்காமல், வடக்குக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்.

வடக்கு. அப்பா இருக்கும் பக்கம்.

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். கொள்ளுப்பிட்டி தாண்டும்வரை ஜெயந்தி நாவல்களைத் திரும்பப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, அன்றைக்கு அவருக்குச் சொல்வதற்காகக் கதையின் முடிவை யோசித்துக்கொண்டு வந்ததாகச் சொன்னாள்.

"எனக்குச் சொல்லு" என்றேன்.

"ஒனக்குத்தான் லவ் கதை பிடிக்காதே."

"பரவாயில்லை, சொல்லு."

அவள் குரலைத் தாழ்த்திச் சொல்லத் தொடங்கினாள். பஸ் நின்று நின்று போனது. எந்த இடத்தையும் தாண்டிப் போகாமல் நான் முழுவதும் கேட்ட முதல் காதல் கதை அதுதான். நல்ல முடிவுதான் வைத்திருந்தாள். இளவரசனின் கப்பல் வந்து சேர்கிறது. அவனோடு போனவர்கள், அவனைத் தேடிப் போனவர்கள், காவலுக்குப் போனவர்கள் என்று ஒருவர் குறையாமல் எல்லோரும் இறங்கி வீட்டுக்குப் போகிறார்கள்.